எந்த மருந்து?

கோவையில் புற்றுநோய் டாக்டர், "இதுவரை என்னென்ன மருந்து எடுத்திருக்கீங்க ஐயா?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உருளைக்குக் குருணை, கருகலுக்கு மஞ்சள் பொடி, தேயிலைக்குக் களை மருந்து..." என்று ஆரம்பித்தார். நீலகிரியில் எங்கள் கேத்திப் பக்கம் மருந்து என்றால் தோட்டத்தில் அடிப்பதுதான். நான் தடுக்கப் போனேன். டாக்டரோ பேனாவைத் திறந்து, "அதையும் சொல்லுங்க" என்றார்.

அதற்கு முன் பார்த்த ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டிக்கு நான்கு மாதம் டிபி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஃபைலில் 'தொழில்: விவசாயம்', அவ்வளவுதான். பயாப்ஸி எடுத்த பிறகுதான் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

முழுப் பட்டியல் வேண்டும் என்றதால் வீட்டைக் குடைந்தேன். பரணில் காலி டப்பாக்களும் கடைச் சீட்டுகளும் இருந்தன. குருணை, நூற்புழுவுக்குப் போட்ட கார்போஃபியூரான். மஞ்சள் பொடி, மேன்கோசெப். களை மருந்து, கிளைபோசேட். கதவுக்குப் பின்னால் அப்பா மருந்தடிக்கப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் தொங்கியது. கைமடிப்பை விரித்தேன், மஞ்சளாக உதிர்ந்தது. அதை அம்மாதான் இத்தனை வருடமும் வெறுங்கையால் துவைத்திருக்கிறார்.

கிளைபோசேட்டால் மனிதருக்குப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியதாம். "ஆனா உங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிரான்சில் இதே வகை லிம்போமா வந்த 244 பேரைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வைப் பற்றியும் சொன்னார். வேலையில் பூச்சிமருந்தோடு புழங்கியவர்களுக்குச் சிகிச்சை தோற்றதும் அதிகம், உயிர் பிழைத்ததும் குறைவு. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வும் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா, "அப்போ இனிமே அடிக்கக் கூடாது, அதானே?" என்றார்.

21 நாளுக்கு ஒன்றாக ஆறு கீமோ. கோவைக்கு இறங்கும் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் போகும்போதே வாந்தி. கீமோவின் சிவப்பு மருந்து ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அதைவிடப் பெரும்பாடு, எட்டாம் நாளே டேங்கைத் தோளில் மாட்டப் போனவரைப் பிடித்து உட்கார வைத்தது. சரி என்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். மேல்தட்டில் மருந்தடிப்பதற்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

கடைசி ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கிறது. நேற்று குத்தகைக்காரர் வந்து, "நாளைக்கு மருந்து, ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றார். அப்பா உள்ளிருந்தே, "காத்து இறங்கட்டும், அப்புறம் அடி. மூக்கைக் கட்டிக்கோ" என்று கத்தினார்.