கட்டிலருகே எந்த வசனம்?

நோயாளிகளைப் பார்க்கப் புதிதாக வரும் சபையார் பெரும்பாலும் ரோமர் 8:28-ஐத்தான் முதலில் எடுப்பார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்பது சத்தியம்தான். ஆனால் பயாப்ஸி முடிவு வந்த அன்றே அதைச் சொன்னால், கேட்பவருக்கு "அழாதே" என்று அதட்டியதுபோல் இருக்கும்.

மலேசியாவில், பினாங்கு மருத்துவமனை வார்டுகளில் எங்கள் பணிக்குக் கைகொடுப்பது சங்கீதம் 13. ஆறே வசனம், ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம். "எதுவரைக்கும்" என்று கர்த்தரையே நான்கு தடவை கேட்ட பிறகுதான் அது கிருபையின் பக்கம் திரும்புகிறது. முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நோயாளி பேச ஆரம்பித்தால் மீதி இன்னொரு நாளைக்கு. சங்கீதம் 88-இல் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். விசுவாசம் போய்விட்டதே என்று வெட்கப்படுகிறவருக்கு, இப்படியும் ஒரு ஜெபம் வேதத்திலேயே இருக்கிறது என்று காட்டினால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. இரண்டு தடவை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். அதனால் "சாப்பிட்டீங்களா அங்கிள், ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பதும் ஊழியமே. கஞ்சி கொண்டுபோனால் முதலில் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருக்கலாம், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கலாம்.

பத்துப் பேராகப் போய்ப் பாட்டுப் பாடுவது வார்டுக்கு ஆகாது. இரண்டு பேர், கால் மணி நேரம், உட்கார்ந்த நிலையில். பக்கத்துக் கட்டிலில் மலாய்க்காரர் இருக்கக்கூடும். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. கைப்பிரதிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கட்டாயம் சுகமாகும் என்று வாக்குக் கொடுப்பதுதான் ஆகப் பெரிய கெடுதல். நோய் முற்றினால், தன் விசுவாசம் போதவில்லை என்று நோயாளி தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். சிலர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். வலி குறையவும் பயம் தணியவும் ஜெபியுங்கள். டாக்டர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாமல், தனியே விடாமல், மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று குடும்பத்தார் இன்னமும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

முதல் வாரம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். மூன்றாவது வாரம், கீமோ வாந்தி எடுக்கும்போது, ஒருவரும் இருக்கமாட்டார்கள். அடுத்த கிளினிக் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அன்றைக்குக் கார் ஓட்ட ஆள் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.