எக்ஸ்ரே இல்லை, ட்யூப் உண்டு

"இதில் எக்ஸ்ரே கிடையாதும்மா" என்று சொன்னதும் முகத்தில் வரும் நிம்மதி, "ஆனா சிறுநீர் வர்ற வழியில ஒரு சின்ன ட்யூப் போடணும்" என்றதும் போய்விடும். குழந்தைகளின் சிறுநீர் பையை அல்ட்ராசவுண்டில் ஸ்கேன் எடுக்கும் எங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

திரும்பத் திரும்ப காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும் குழந்தைக்கு, சிறுநீர் பையிலிருந்து கிட்னிக்குத் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இதைத்தான் ரிஃப்ளக்ஸ் என்கிறோம். இதைப் பார்க்க ஒரு வழி எம்.சி.யு., அதாவது அதே ட்யூப் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றிப் பார்ப்பது. இன்னொரு வழியில், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு அடைத்த நுண்குமிழிகளை சலைனோடு பைக்குள் விட்டு அல்ட்ராசவுண்டில் பார்க்கிறோம். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் குழந்தைகளின் ரிஃப்ளக்ஸ் பரிசோதனைக்கு இதை அனுமதித்தது. குமிழிகள் லேசில் உடைந்துவிடும், அதனால் மெஷினின் ஒலி அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும், சலைனையும் மெதுவாகத்தான் விட வேண்டும். நாலு வயதுக் குழந்தையின் பை சுமார் 180 மில்லி பிடிக்கும் (வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் வருவது).

பை நிரம்புவது பெரிய விஷயமில்லை. பல குழந்தைகளுக்கு ரிஃப்ளக்ஸ் தெரிவதே சிறுநீர் போகும்போதுதான், அங்கேதான் சிக்கல். படுக்கையை நனைக்காதே என்று வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளையிடம், முன்பின் தெரியாத நாலு பேர் நடுவே படுத்தபடி போகச் சொன்னால் எப்படிப் போகும்? தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவோம், வெதுவெதுப்பான தண்ணீரைக் காலில் ஊற்றுவோம், அம்மா காதில் ஏதோ சொல்வார். எக்ஸ்ரேயில் பெடலை மிதித்துப் படம் பார்க்கும் ஒவ்வொரு நொடியும் குழந்தைக்குக் கதிர் டோஸ், அதனால் விட்டுவிட்டுத்தான் பார்க்க முடியும். இங்கே அந்த அவசரம் இல்லை. இரண்டு கிட்னியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், தேவைப்பட்டால் மறுபடி நிரப்பிப் பார்க்கலாம். கதிர் இல்லாததன் லாபம் எனக்கு இந்த நேரம்தான்.

எல்லாவற்றுக்கும் இது போதாது என்பதும் உண்மை. கிட்னியில் விழுந்த தழும்பை அல்ட்ராசவுண்ட் தவறவிடலாம், அதற்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் தேவைப்பட்டால் கொஞ்சம் கதிருக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

இன்னொன்று, வெளியே பெரியவர்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது உள்ளே ஒரு குழந்தைக்காகப் பொறுமையாக இருப்பது நடக்கிற காரியமில்லை, யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். அதனால் இந்தக் குழந்தைகளை லிஸ்டில் கடைசியாகத்தான் போடச் சொல்கிறேன், அவர்களுக்குப் பின்னால் வேறு பெயர் இருக்கக் கூடாது.