பரம்பில் ஒரு தாழி

செப்டம்பர் 9

பரம்பில், எங்கள் மேட்டு நிலத்தில், பண்ணைக்குட்டை வெட்ட மண்வாரி வந்தது. ஐந்தடிக்கு மேல் போகவில்லை. ஓட்டுநர் இறங்கி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, இனி ஒரு பிடி மண் தொடமாட்டேன் என்றாராம். வாடகை மட்டும் முழு நாளுக்கு. தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

செப்டம்பர் 10

போய்ப் பார்த்தேன். பானை என்று சொல்ல வாய் வரவில்லை, முதுமக்கள் தாழி. என் இடுப்பு உயரம் இருக்கிறது. மண்வாரியின் பல் பட்டு வாய் ஒரு பக்கம் நொறுங்கிவிட்டது. கழுத்தைச் சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல ஒரு வரி, அதில் வரிசையாக விரல் அழுத்திய குழிகள். என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், தொளதொளவென்றிருந்தது. மோதிர விரல் கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே இறுகிய செம்மண். அதில் ஒரு சின்னக் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் கறுப்பாக மினுங்குகிறது.

தம்பி மகனுக்குப் பள்ளியில் எகிப்துப் பாடம் நடக்கிறது. "அத்தை, இது நம் வயல் பிரமிடு" என்கிறான். பெரிய பிரமிடு கட்டியபோது 146 மீட்டரடா என்றேன். "அதுவும் சமாதிதானே?"

செப்டம்பர் 11

அம்மா காதில் யார் போட்டார்களோ. "உள்ளே இருக்கிற கிழவிக்குச் சோறு வைத்திருக்கிறார்களா, பார்த்தாயா?" என்று கேட்கிறாள். அவள் சொல்லிக் கேட்ட பழைய கதைதான். அந்தக் காலத்தில் ஆட்கள் லேசில் சாகமாட்டார்களாம். வயது ஏற ஏறச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம், விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். அதற்குமேல் பார்க்க முடியாது என்றானதும், தாழியில் உட்கார வைத்து, அரிசியும் தண்ணீரும் ஒரு விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். சின்ன வயதில் மாடத்தை எட்டிப் பார்த்து நானும் தம்பியும் சிரிப்போம்.

செப்டம்பர் 12

அம்மா 31 கிலோ.

செப்டம்பர் 14

கிராம நிர்வாக அலுவலர் வந்து படம் எடுத்துக்கொண்டார். யாரும் தொடக்கூடாது, மேலே எழுதியிருக்கிறேன் என்றார். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துச் சட்டமாம். "பத்து ரூபாயா? என் வாடகைக் காசை யார் தருவார்?" என்று தம்பி கேட்டது அவர் காதில் விழவில்லை.

இருட்டியபின் இரண்டு பேர் வந்து, தங்கம் ஏதாவது தட்டுப்பட்டதா என்று விசாரித்தார்கள். ஆதிச்சநல்லூரில் தொல்லியல் அதிகாரி அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்த தங்க நெற்றிப்பட்டத்தை இந்தப் பக்கம் நூறு வருஷமாகியும் யாரும் மறக்கவில்லை.

செப்டம்பர் 17

பையன் நச்சரித்ததால் ஆதிச்சநல்லூர் போனோம். தோண்டிய குழிகளின்மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், கீழே தாழிகள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து அள்ளியவை பெர்லினுக்குப் போயின என்று படித்துச் சொன்னான். அவன் கண்ணாடிமேல் குதிக்காத குறை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகவே நடந்தேன். கீழே கிடக்கிற ஒருவரின் முகத்துக்கு நேர் மேலே எப்படிக் கால் வைப்பது?

செப்டம்பர் 18

இரண்டு கரண்டிக் கஞ்சியோடு அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

ஆதிச்சநல்லூர் பக்கம் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வருஷம். அந்த நெல்லை வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள்? பசிக்கும் என்றா? கடைசி நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு எதுவும் வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்தார்களா? அவர்கள் மகள்களும் இப்படிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினார்களா? வேண்டாம் என்றபின் உள்ளே போட்டு என்ன பயன்? ஆனால் நானாயிருந்தாலும் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 21

திடீர் மழை. இரவு பதினொரு மணிக்குத் தம்பி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பரம்புக்குப் போனான், வழியெல்லாம் தாழியைத் திட்டிக்கொண்டே. திரும்பி வர ஒரு மணியாயிற்று. உள்ளே தண்ணீர் இறங்கவில்லையாம்.

செப்டம்பர் 24

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 25

குளிப்பாட்ட அம்மாவைத் தூக்கினேன். துணையே தேவைப்படவில்லை. முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாடம் இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதை அடைத்துப் பூசி இருபது வருஷமாகிறது.

செப்டம்பர் 27

நாளை காலை பத்து மணிக்குத் தொல்லியல் துறையிலிருந்து வருகிறார்களாம். பையன் இப்போதே சட்டை தேய்த்து வைத்துவிட்டான். அம்மா தண்ணீரும் வேண்டாம் என்கிறாள்.