சுண்ணாம்பைத் தூவினால் போதாது, கொத்திவிடணும்

முதல் பருவத்தில் என் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. கீழிலைகளின் ஓரமெல்லாம் ஊதா. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைதான் என்று, அது உள்ள டிஏபி உரம் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் நீளாமல், நுனி தடித்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தன. அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண்ணின் அமில-கார அளவைக் காட்டும் பிஎச் 5.1; அதாவது அமில மண்.

மக்காச்சோளத்துக்கு 6 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், போட்ட மணிச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். டிஏபி போன வழி தெரிந்தது.

அமிலத்தைக் குறைக்க, சதுர மீட்டருக்கு 350 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் போடச் சொன்னார்கள் மண்ணைச் சோதித்தவர்கள். என்னுடையது 20 சதுர மீட்டர், ஆக 7 கிலோ. நீற்றுச் சுண்ணாம்பு சீக்கிரம் வேலை செய்யும்தான்; ஆனால் கையைப் பொத்துவிடும், கொஞ்சம் கூடினாலும் பிஎச் எகிறிவிடும். அதனால் கல் தூளே வாங்கினேன். கடைசி வரிசைக்கு மட்டும் போடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

இங்கேதான் சோம்பல். மேலாகத் தூவி, தண்ணீர் விட்டு, மூன்றே வாரத்தில் விதைத்தேன். பயிர் மறுபடியும் சவலை. மண்ணை இரண்டு ஆழத்தில் எடுத்துச் சோதித்தால், மேல் 5 சென்டிமீட்டரில் 6.8, அதற்குக் கீழே 5.2! சுண்ணாம்பு தண்ணீரோடு அவ்வளவு எளிதில் இறங்காது. மண்வெட்டியால் புரட்டியபோது வெள்ளைக் கட்டிகள் அப்படியே கிடந்தன.

புதிதாக ஒரு பிடி கூடப் போடவில்லை. கட்டிகளை உடைத்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு முறை கொத்திப் புரட்டினேன். முதுகு போய்விட்டது. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் சும்மா விட்டேன். பிஎச் 6.1 வந்தது. அதன் பிறகே விதை.

இன்று 40-வது நாள். கொத்திய இடத்தில் பயிர் இடுப்பைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்பு போடாத வரிசை இன்னும் முழங்காலில்தான்.

ஒரு குறை உண்டு. தூள் மூட்டை கிழிந்து கொட்டிய மூலையில், இரண்டு செடிகளின் குருத்திலைகளில் நடுநரம்புக்கு இருபுறமும் வெளிறிய பட்டை. சுண்ணாம்பு அதிகமானால் வரும் துத்தநாகக் குறை. நேற்று மாலை துத்தநாக சல்பேட் 0.5 சதவீதக் கரைசல் தெளித்தேன். இலை கருகாமலிருக்க அதிலும் கொஞ்சம் சுண்ணாம்பு கலக்க வேண்டியிருந்தது.