சர்ரென்று, விர்ரென்று, விருட்டென்று

குன்னூர் பக்கம் யார் பேசுவதைக் கேட்டாலும் வேகத்துக்கு ஒரு சத்தம் கையோடு வைத்திருப்பார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ் சர்ரென்று வளைவில் திரும்பும், பைக் விர்ரென்று அதை முந்தும், தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுப்பன்றி விருட்டென்று குறுக்கே பாயும். மூன்றும் வேகம்தான், ஆனால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒட்டாது. சர்ரென்பதில் தரையை உரசும் டயர் இருக்கிறது, விர்ரென்பதில் காற்று. விருட்டென்பதில் கடைசியில் வரும் 'ட்டு' வெட்டிவிடுவதால், பன்றி வந்ததும் போனதும் ஒன்றாகிவிடுகிறது.

சலசல, கடகட எல்லாம் இரட்டைக்கிளவி. பிரிந்து நிற்காது என்று தொல்காப்பியமே சொல்லியாயிற்று. என் கணக்கில், ஓயாமல் நடப்பதற்கு இரட்டை, ஒரே வீச்சில் முடிவதற்கு ஒற்றை. மழை சடசடவென்று பெய்யும், கரண்ட் பட்டென்று போகும் (எங்கள் மலையில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும்).

அப்புறம் இந்த மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட 5 மணி நேரம், அதிலும் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் கவ்விக் கவ்வி ஏறுகிற வண்டி. அதைப் போய் விர்ரென்று வந்தது என்று எழுதினால் எப்படி? புஸ்புஸ்ஸென்று வந்தது என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம்.