டிரங்குப் பெட்டியில் ஒரு கம்பளி

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை நேற்று வெயிலில் கவிழ்த்தேன். அடியிலிருந்து தாத்தாவின் கம்பளி வந்தது. கருப்பு, சொரசொரப்பு, நடுவில் ஒரு மூட்டுத் தையல், ஓரத்தில் பூச்சி அரித்த நாலைந்து ஓட்டை. அந்துருண்டையையும் மீறி ஆட்டு வாடை. ஆடு வளர்த்துக் கம்பளி நெய்யும் குறும்பர் நெய்தது. பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். புதிதில் தகரம் மாதிரி விறைத்து நிற்கும். ஆடு மேய்க்கையில் மழை பிடித்தால் தாத்தா அதை முக்கோணமாக மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வார்.

கொஞ்ச நாளாக ராத்திரியில் புவெப்லோ மக்களின் நெசவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் பூர்வகுடிகள், நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம். 1540-ல் ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பருத்தி நெய்தவர்கள். செம்மறி ஆடு ஸ்பானியரோடு வந்ததுதான். பக்கத்து நவாஹோ மக்கள் நெசவு கற்றது இவர்களிடம் என்கிறார்கள். ஆனால் பெயர் என்னவோ நவாஹோ கம்பளங்களுக்குத்தான். படிக்கும் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அவர்களில் ஹோப்பி என்று ஒரு பிரிவு. அங்கே தறியில் உட்காருவது வழக்கமாக ஆண்கள். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பெண்ணுக்கு வெள்ளைப் பருத்திப் போர்வை நெய்து தர வேண்டும். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மக்காச்சோளம் அரைப்பாள். போர்வையோடு இடுப்புக் கச்சை ஒன்றும் உண்டு. அதில் நீள நீளமாகத் தொங்கும் குஞ்சம் மழைத் தாரையாம். அவர்களுடையதும் வானம் பார்த்த பூமி, மானாவாரி மக்காச்சோளம். குஞ்சத்தில் மழையைத் தொங்கவிட்டவர்களை நம்மூர் ராகிக்காட்டுக்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் போர்வை, பெண் சாகும்போது அவளோடு போகும். செத்தவர்கள் மேகமாகத் திரும்பி வந்து மழை கொடுப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். தாத்தாவை அடக்கம் செய்த அன்று, கம்பளியையும் குழியில் போடச் சொன்ன பெரியவர்களிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டவள் அவள். "மார்கழிக் குளுருக்கு எனக்கு வேணும்" என்றாளாம்.

இப்போது ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, அப்ப நாலு வருசமா மழ இல்லாமப் போச்சே, அது நான் பண்ணுன வேலையா?"

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நாலாக மடித்து, புதிதாக ரெண்டு அந்துருண்டை போட்டு, பெட்டியை மூடிவிட்டாள்.