பிணத்துக்கு நடந்த விசாரணை
நேற்று இரவு இதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. 897-ஆம் ஆண்டு, ரோம். இறந்து பல மாதங்களான போப்பாண்டவர் ஃபார்மோசஸின் உடலைத் தோண்டியெடுத்து, திருவுடை போர்த்தி, ஆசனத்தில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார் போப் ஆறாம் ஸ்டீபன். பிணத்துக்காகப் பதில் சொல்லப் பக்கத்தில் ஒரு திருத்தொண்டரை நிறுத்தினார்களாம். பாவம், அவர் வாயிலிருந்து என்ன வந்திருக்கும்? தீர்ப்பு, குற்றவாளி. ஆசீர்வதித்த வலக்கையின் மூன்று விரல்களை வெட்டினார்கள். அந்த விரல்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம் உடலை டைபர் ஆற்றில் வீசினார்கள்.

எல்லாம் ரோமானியப் பிரபுக்களின் அதிகாரச் சண்டை. அதற்குத் திருச்சபையின் பீடத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கத்தோலிக்கனாக எனக்கு வலிக்கிறது. மறைக்கல்வியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை; சொல்லியிருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஸ்டீபனைச் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பிறகு சில வாரங்களே பதவியிலிருந்த போப் இரண்டாம் தியோடர்தான் ஃபார்மோசஸை மீண்டும் புனித பேதுரு ஆலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்.